சுவரில் வரைந்த முறம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் தேடிப் பாருங்கள். பெரிய கம்பெனிக்காரர்கள் போட்ட திட்டத்தை எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்று அத்தனை முறையையும் கரைத்துக் குடித்த ஆள் ஒருத்தன்தான் கிடைப்பான். அது நான்.

பொய். சொல்லிக்கொடுத்தது மூன்று விதமான முறை. என் மண்டையில் ஏறியது ஒன்றரை. குடித்தது என்று பார்த்தால் பாயசம்தான். அதுவும் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நான் டெம்போ ஓட்டுகிறவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஐந்தாவதோடு தீர்ந்துபோனது. யார் யாரை விட்டது என்பது இன்னும் எனக்குத் தெளிவில்லை. மயிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் பெண்டாட்டியும் தெருவில் இருக்கிற சில பெண்களும் குழு சேர்ந்து மல்லாட்டை உருண்டை பிடிக்கிறார்கள். டவுனில் வேர்க்கடலை என்பார்கள், எங்களுக்கு அது மல்லாட்டை. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடுத்து, மெஷினில் கொடுத்து உடைத்துக் கொண்டுவருவது, பிடித்த உருண்டையைக் கடை கடையாக இறக்குவது, நடுவில் எல்லோரையும் சிரிக்க வைப்பது, இதெல்லாம் என் வேலை. சிரிக்க வைப்பதற்குத் தனியாகச் சம்பளம் கேட்டேன். கேட்டால் மற்றதற்கும் நின்றுவிடும் என்று பெண்டாட்டி சொல்லிவிட்டாள்.

குழுவில் எங்கள் அண்ணியும் உண்டு. என் கூடப் பிறந்த அண்ணனின் பெண்டாட்டி. அண்ணன் லாரியில் வடக்கே போகிறவர். போனால் எப்போது திரும்புவார் என்பது டயருக்கும் சாமிக்கும்தான் தெரியும். அண்ணி வீட்டில் பேச ஆள் இல்லை. ஷெட்டுக்கு வந்தால்தான் பேச்சு. ஷெட் வாசலில் வெளிச்சம் விழுகிற மூலை அவருடைய இடம். முறத்தில் மல்லாட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு சொத்தை, சூம்பியது, கறுத்தது, கல் எல்லாம் பொறுக்கிப் போடுவார். கை பாட்டுக்குப் பொறுக்கும், வாய் பாட்டுக்கு ஊரையே புடைக்கும். யாராவது அந்த மூலையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், “எந்திரிமா, அது எங்கூட்டு சோபா” என்பார்.

ஒருநாள் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழுக்களுக்குப் பயிற்சி, குழுவுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போது காட்டில் மல்லாட்டை பிடுங்குகிற சமயம். பெண்கள் ஒருத்தருக்கும் ஒழியவில்லை. எதிர்வீட்டு அக்காவை அனுப்பலாம் என்றால் அவர் ஊர் மாதா கோயிலில் தேர். கடைசியில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

“டிரைவரும் குழுவுல ஒரு ஆளுதான” என்றார் அண்ணி. “போவட்டும். ஒரு நாளாவது ஊரு நிம்மதியா இருக்கும்.”

பெண்டாட்டிக்கு மனசில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள்: “போயி காதால கேளு. கேட்டத வந்து சொல்லு. நீயா ஒன்னும் சேத்துக்காத.”

சேர்த்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன். அதுதான் இந்தக் கதை.

பயிற்சி கொடுத்த மேடம் மெட்ராஸ் பக்கம். நல்லவர். என்னைப் போன்ற ஆட்களுக்கும் புரிகிற மாதிரி பேசினார். எடுத்ததுமே ஒரு போடு போட்டார்: “திட்டம் எல்லார்கிட்டயும் இருக்கு. நாளைக்குக் காலைல எழுந்ததும் அதுக்காக என்ன செய்யணும்ங்கறதுதான் யார்கிட்டயும் இல்லை.” எனக்குச் சுருக்கென்றது. நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸெல்லாம் நின்று போகிற மோட்டல் ஒன்று இருக்கிறதே, அங்கே நம் உருண்டையை வைக்க வேண்டும் என்று எங்கள் குழு பேச ஆரம்பித்து எத்தனை மழை போயிருக்கும்! பேச்சு மட்டும் வாராவாரம் புதுசாக நடந்தது.

அப்புறம் போட்ட திட்டத்தை நடத்துவதற்கு மூன்று முறைகளைச் சொன்னார். முதல் முறையில், ஒரே ஒரு குறியை வைத்துக்கொள்ள வேண்டும். அதை எட்டுகிறோமா என்று காட்ட அதற்குக் கீழே எண்ணிப் பார்க்கிற மாதிரி ஓரிரண்டு கணக்கு. எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதிப் போட வேண்டும். இது மயிலம் மலை ஏறுகிற மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன். உச்சி ஒன்றுதான். எத்தனை படி ஏறினோம் என்று பார்த்துக்கொண்டே போவது.

இரண்டாவதில் நாலு கட்டம். வரவு ஒரு கட்டம், வாங்குகிறவர் மனசு ஒரு கட்டம், நம் பட்டறைக்குள்ளே நடக்கிற வேலை ஒரு கட்டம், நாம் புதுசாகக் கற்றுக்கொள்வது ஒரு கட்டம். நாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது டெம்போ. ஒரு சக்கரத்தில் காற்று இறங்கினாலும் மற்ற மூன்றும் புது டயர் என்று பெருமை பேச முடியாது.

மூன்றாவது ஒரு வட்டம். கொஞ்சமாகத் திட்டம் போடு, கொஞ்சமாகச் செய், செய்ததைப் பார், திருத்து, மறுபடி திட்டம் போடு. இது குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி. போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து, மறுபடியும் போடுவது.

இதுவரைக்கும் நான் நல்ல மாணவன். பிறகு சாப்பாட்டுக்கு விட்டார்கள். பாயசம் இங்கேதான் வருகிறது.

சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். பக்கத்தில் கோட்டக்குப்பத்துக்காரர் ஒரு பாய். அல்வா போடுகிறவர். அவர் மனைவி இருக்கிற குழுவுக்காக வந்திருந்தார். மேடம் முன்னால் பலகையில் மூன்று முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது யாருக்கு ஆகும், எது எங்கே காலை வாரும் என்று சொல்ல ஆரம்பித்தார். நான் பாய் காதில் சொன்னேன்:

“அந்த மூணாவது வட்டம் கீதே பாய், அது எங்க ஊட்ல எப்பவும் சுத்திக்கினேதான் கீது. நான் திட்டம் போடுவேன். எம்பொண்டாட்டி செய்வா. அவளே பாப்பா. பாத்துட்டு என்னைத் திருத்துவா.”

பாய்க்கு அடக்க முடியவில்லை. அவர் சிரித்ததில் முன் வரிசை திரும்பியது. திரும்பினால் நான் விடுவேனா? இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். மண்டபத்தில் பாதி சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு, நாங்கள் அடங்குகிற வரைக்கும் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் அடங்கவில்லை. கைதட்டல் வாங்கினவனுக்குக் காது வேலை செய்யாது. வண்டி ஏறும்போது பாய் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு அவருடையதையும் கொடுத்தார். அன்றைக்கு நான்தான் பெரிய ஆள் என்ற நினைப்பில் ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் ஷெட்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒப்பித்தேன். மலை, டெம்போ, உப்பு என்று அழகாகத்தான் சொன்னேன். பெண்டாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மூணு கீதுன்ற. நம்பளுக்கு எது ஆவும்னு சொல்லலியா?”

“சொன்னாங்களே.”

“இன்னா சொன்னாங்க?”

“எதப் பண்ணாலும் எல்லாம் ஒன்னுதானாம்.”

நான் செய்த தப்பு இந்த ஒரு வரிதான். வாய் கூசவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால் திட்டு விழுந்திருக்கும், அதோடு போயிருக்கும். திட்டுக்குப் பயந்து சொன்ன பொய் கொஞ்ச தூரத்தில் போய் நிற்கும் என்று நினைத்தேன்.

ஒன்றுதான் என்றால் சுலபமானதை எடுக்கலாம் என்று முதல் முறையை எடுத்தோம். குறி: மோட்டல் கல்லாப் பக்கத்து அலமாரியில் நமக்கென்று ஒரு தட்டு. அதற்குக் கீழே கணக்கு: யார் எத்தனை உருண்டை பிடித்தார்கள். அவ்வளவுதான்.

அண்ணி முறத்தைத் தட்டிக்கொண்டே கேட்டார்: “ஏந்தம்பி, பொறுக்கறது இதுல எந்தக் கணக்குல வருது?”

மேடம் என்ன சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். எனக்கு ஜோக்குதான் முதலில் வந்தது.

“அண்ணி, பொறுக்கறத எண்ணணும்னா சொத்தைய எண்ணணும். சொத்தைய சுவத்துல எழுதி வெச்சா எவன் வாங்குவான்?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். ஜோக் நன்றாக இருந்ததால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் என்றால் எங்கள் ஷெட்டின் தெருப்பக்கத்துச் சுவர்தான். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்கு எழுத்து வரும். ஆனால் ஊர் பார்க்கிற சுவரில் பிழை விட்டு எழுத வெட்கம். அதனால் பெயருக்குப் பதில் படம் வரைந்தேன். பெண்டாட்டிக்குச் சாவிக்கொத்து, எதிர்வீட்டு அக்காவுக்குச் சிலுவை, இன்னொரு அக்காவுக்கு அவர் எருமை, அண்ணிக்கு முறம். அதற்கு நேராகத் தினமும் சாயங்காலம் எண்ணிக்கை. அதிகம் பிடித்தவர் மேலே, குறைச்சல் பிடித்தவர் கீழே. ஈரத்துணியால் துடைத்துத் தினமும் புதுசாக வரைவேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முறை வேலை செய்தது. சும்மா சொல்லவில்லை. எத்தனையோ காலம் பேச்சாகவே இருந்தது, சுவரில் ஏறினதும் நடக்க ஆரம்பித்தது. பாகு சூடு ஆறுகிறதுக்குள் உருட்ட வேண்டும் என்பதால் கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு பெண்கள் போட்டி போட்டார்கள். எருமை ஒருநாள் மேலே ஏறும், சாவிக்கொத்து மறுநாள் பிடித்துத் தள்ளும். மோட்டலுக்கு முதல் தடவையாக டெம்போ நிறைய இறக்கினேன். அங்கே முதலாளி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, “குறையாம, மாறாம குடுத்துக்கினு இருங்க. தட்டு உங்களுக்குத்தான்” என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தேன்.

முறம் மட்டும் கடைசியிலேயே இருந்தது. இருக்காமல் என்ன செய்யும்? அண்ணி வெயில் ஏறுகிற வரைக்கும் எல்லோருக்குமாகப் பொறுக்குவார். மிச்ச நேரத்தில் வந்து கடைசியில் கொஞ்சம் உருட்டுவார். பொறுக்கினதற்குச் சுவரில் இடமில்லை. உருட்டின கொஞ்சத்துக்குத்தான் இடம்.

இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே ஒருநாள் முறத்தைத் தலைகீழாக வரைந்து, அதற்கு மூடின இரண்டு கண்ணும் வைத்தேன். தூங்குகிற முறம். பால் ஊற்றப் போனவர்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். “யாருப்பா அது கொர்ரு வுட்டுக்கினு கீது?” என்று ஒருத்தர் சத்தமாகக் கேட்டார். அண்ணி வாசலில்தான் இருந்தார். முறத்திலிருந்து தலை தூக்கவில்லை.

எங்கள் ஊரில் பேருக்கு நேராக எண் போட்டு எல்லோர் முன்னாலும் வைப்பது எதற்கு என்று எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கடன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் வந்து பெண்களை வட்டமாக உட்கார வைத்து, கட்டாதவள் யார் என்று வாசிப்பார்களே, அப்போதுதான். அந்த வட்டத்தில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் சுவரில் பந்தயம் வைத்திருக்கிறேன். மெட்ராஸில் அது பந்தயமாக இருக்கலாம். எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர்.

அடுத்த நாள் அண்ணி முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையில் மாவைத் தடவிக்கொண்டு பாகுத் தட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பொறுக்குகிற வேலை ஆளுக்குக் கொஞ்சம் என்று ஆனது. ஆளுக்குக் கொஞ்சம் என்றால் ஆளுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவரவருக்கு உருண்டை ஓட வேண்டுமே.

சாயங்காலம் முறம் இரண்டு படி மேலே ஏறியது. நான் கைதட்டினேன். “பாத்தியா அண்ணி! தூங்குனது எந்திரிச்சிடுச்சி!” என்றேன்.

அந்தக் கைதட்டல் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு தட்டினேன். ஷெட்டில் சொத்தை பார்க்க ஒரு கண்ணும் மிச்சமில்லாத நாள் அது.

பிறகு மோட்டல் முதலாளி போன் போட்டு வரச் சொன்னார். போனால், ஒரு பேப்பரைப் பிரித்துக் காட்டினார். பாதி கடித்த உருண்டை. யாரோ ஒரு பஸ் பயணி துப்பிவிட்டுப் போனது.

“நீயே சாப்பிட்டுப் பாரு” என்று வேறொன்றை எடுத்து நீட்டினார்.

கடித்தேன். முதல் கடி தேன். இரண்டாவது கடியில் ஒரு சொத்தை அகப்பட்டது. மல்லாட்டை தின்கிற எல்லோருக்கும் இது தெரியும். கை நிறைய நல்லதைத் தின்றாலும் கடைசியில் ஒரு கசப்பு வந்தால் வாய் முழுக்க அதுதான். தண்ணீர் குடித்தாலும் போகாது.

“பஸ்ஸு அஞ்சு நிமிசம் நிக்குது” என்றார் முதலாளி. “வாங்குனவன் விழுப்புரம் தாண்டித்தான் கடிக்கிறான். திட்டறது உங்க ஊரையா? என் கடையத்தான். இன்னும் ஒரே ஒரு லோடு பாக்கறேன். அதுலயும் கசந்தா வேற ஆளு.”

சரக்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஷெட்டில் இறக்கி வைத்து விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு அக்காதான் வாயைத் திறந்தார். “பொறுக்கறது எப்பவும் நீதான?”

அண்ணி எழுந்தார். முந்தானையால் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். “எம்படத்துக்கு நேரா பொறுக்கறதுன்னு எங்கனா எழுதிகீதா? போயி பாரு. கண்ணு தெரியலன்னா உங்க டிரைவர படிச்சிக் காட்டச் சொல்லு.”

முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாசல் மூலையில் வெளிச்சம் மட்டும் கிடந்தது.

‘அவங்க கேட்டாங்க, நான்தான் ஜோக்கடிச்சேன்’ என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கல்யாண வீடு, சாவு வீடு, பஸ் ஸ்டாண்டு, எங்கே விட்டாலும் பேசுகிறவன் நான். அன்றைக்கு டெம்போ சாவியை எங்கே வைத்தேன் என்று பையில் தேடிக்கொண்டு நின்றேன். சாவி கையிலேயே இருந்தது.

வெளியே போய்க் கோட்டக்குப்பத்துப் பாய்க்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதுமே சிரித்தார். “இன்னா டிரைவரு, வட்டம் சுத்துதா?”

“பாய், அன்னிக்கு மேடம் மத்தியானம் மூணு முறையையும் பக்கத்துல பக்கத்துல எழுதி என்னமோ சொன்னாங்களே. அது இன்னா?”

“அதான் நல்லா சொன்னாங்களே. ஒத்தக் குறி ஜல்தியா ஓடும், ஆனா எண்ணறது மட்டும்தான் நடக்கும், எண்ணாதது நழுவிடும்னாங்க. ஜல்தியும் வேணும், தரமும் வேணும்னா நாலு கட்டத்தையும் பக்கத்துல வெச்சிக்க சொன்னாங்க. புதுசா எறங்கறவங்க மொதல்ல வட்டத்துல சின்னதா சுத்திப் பாக்கணுமாம். அப்புறம் பேரு போட்டு எண்ணாத, வேலையப் போட்டு எண்ணுன்னாங்க. நான் அல்வாவுக்கு அப்பிடித்தான் பண்ணிக்கினு கீறேன்.” அவருக்கே நினைவு வந்து சிரித்தார். “நீ கேக்கல? ஆமாமா, நீ எப்பிடி கேப்ப. அப்பதான உம்பொண்டாட்டி ஜோக்க ரெண்டாவது தபா சொல்லிக்கினு இருந்த.”

பாய் நல்ல மனுஷன். சிரிப்பதற்கும் கேட்பதற்கும் அவருக்குத் தனித்தனிக் காது இருக்கிறது.

இப்போது யோசித்தால் மூன்று முறையும் மூன்று வகை மனுஷர்களுக்கு மருந்து என்று தோன்றுகிறது. முதலாவது, பேசிப் பேசியே காலம் போக்குகிறவனைக் கிளப்பிவிடும். எங்களைக் கிளப்பியதே. ஆனால் கிளம்பினவன் எதை மறந்துவிட்டு வந்தான் என்று அதற்குத் தெரியாது. இரண்டாவது மறக்க விடாது, ஆனால் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே நிற்பவன் கிளம்ப மாட்டான். எங்கள் குழு அதில் ஆரம்பித்திருந்தால் இன்னும் நாலு கட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். மூன்றாவதுதான் என்னைப் போன்ற ஆளுக்கு. தப்பு வரும் என்று ஒப்புக்கொண்டே ஆரம்பிக்கிற முறை அது. அண்ணி கேட்ட கேள்விக்கு அங்கே ஒரு இடம் இருந்திருக்கும். ‘செய்ததைப் பார்’ என்கிற இடம். இது எல்லாம் எனக்குத் தெரிந்தது சரக்கு திரும்பி வந்த பிறகு. திரும்பி வந்த சரக்கைவிட நல்ல மேடம் கிடையாது. பாயசம்தான் கிடைக்காது.

பெண்டாட்டியிடம் அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. “போயி அவங்ககிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

சுவரைக் கழுவினேன். சாவிக்கொத்து, சிலுவை, எருமை எல்லாம் ஒரே துடைப்பில் போய்விட்டன. முறத்தைக் கரிக்கட்டையால் அழுத்தி வரைந்துவிட்டேன் போலிருக்கிறது. எத்தனை துடைத்தாலும் மூடின கண் இரண்டும் மங்கலாகத் தெரிந்தது. சுண்ணாம்பு வாங்கி வந்து அடித்தேன்.

அப்புறம் அண்ணி வீட்டுக்குப் போனேன். அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நிலைப்படியில் நின்றேன்.

“அண்ணி, சுவத்த அழிச்சிட்டேன்.”

“பாத்தேன். வெள்ள அடிச்சிகீற. யாருக்கு கல்யாணம்?”

“மேடம் வேற மாதிரிதான் சொல்லியிருக்காங்க. நான்தான் கேக்கல. தப்பு எம்மேலதான்.”

“சரி.”

“வந்துடுங்க அண்ணி. கடைசி லோடு. உங்க கண்ணு இல்லன்னா ஆவாது. அந்தக் கண்ணுக்கு நான் வேணா கண்ணாடி வாங்கித் தர்றேன், கலர் கண்ணாடி...”

சிரிக்கவில்லை. கூழைக் கிண்டின துடுப்பை என் பக்கம் நீட்டினார். “பாரு. இதுதான் உன்னோட பேஜாரு. அழுவறதுக்கு வந்துட்டு ஜோக்கடிக்கற.”

நான் வாயை மூடினேன்.

“ஊரே பாக்க வரைஞ்ச இல்ல? தலைகீழா. கண்ணு வேற வெச்சி. பால்காரங்க எல்லாம் நின்னு பாத்துட்டுப் போனானுங்க. இப்ப எங்கூட்டு அடுப்பங்கரைல, யாருக்கும் கேக்காம, தப்புன்ற. சுவத்துல போட்டது சுண்ணாம்புல போயிடும். அவனுங்க கண்ணுல போட்டது?”

துடுப்பைத் திருப்பிக் கூழில் விட்டார்.

“அவளுங்க என்னைத் திரும்பிப் பாத்தாளுங்களே, அப்ப நீ எங்க இருந்த?”

“அங்கதான் அண்ணி.”

“அங்கதான் இருந்த” என்றார். அடுப்பைத் தணித்தார். “கூழு குடிக்கறியா?”

குடித்தேன். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் இல்லை. உப்புச் சரியாக இருந்தது. அண்ணி வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

நாளைக்குக் காலையில் லோடு போக வேண்டும். மூட்டை இன்னும் டெம்போவிலேயே இருக்கிறது. ஷெட்டில் பெண்கள் அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அது என்ன ஆகும் என்று இப்போது தெரிந்துவிட்டதே. வாசல் மூலையில் யாரும் உட்காரவில்லை. கிட்டப் போனால் பெண்டாட்டி முறைக்கிறாள். அதனால் நான் டெம்போவில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணி சொன்னதை ராத்திரி முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். எங்கே கெட்டதோ அங்கேதான் திருத்த வேண்டும். மூன்றாவது முறை அப்படித்தான் சொல்கிறது. ஆகையால் இன்றைக்குக் காலையில் பால் சொசைட்டிக்குப் போனேன். பால் ஊற்ற என்னிடம் மாடு இல்லை. வெறுங்கையோடு வரிசையில் நின்றதைப் பார்த்து, “இன்னாபா, உன்னையே கறந்து ஊத்தப் போறியா?” என்று ஒருத்தர் கேட்டார். அன்றைக்குக் கொர்ரு என்று கேட்ட அதே ஆள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பதில் ஜோக் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நல்ல ஜோக். கஷ்டப்பட்டு விழுங்கினேன். கேன் வைக்கிற திட்டு மேல் ஏறி நின்றேன். எல்லோரும் இன்னொரு வேடிக்கை என்று நினைத்து வாயில் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தச் சுவரில் தூங்கின முறம் இருக்கிறதே, என்று ஆரம்பித்தேன். அது தூங்கவே இல்லை, தூங்கினது யார் என்றால்...

“தம்பி! யோவ் டிரைவரு! காது கேக்கல?”

ஷெட் வாசலிலிருந்து. அந்த மூலையிலிருந்து. முறத்தைத் தட்டுகிற சத்தம்.

“எழுதிக் கிழிச்சது போதும். மூட்டைய எறக்கு. வெளிச்சம் போறதுக்குள்ள பொறுக்கணும். நீயும் வந்து உக்காரு. நீ பொறுக்கனத நான் இன்னொரு தபா பொறுக்கறேன்.”

வர்றேன் அண்ணி.